வரன் சர்வருக்குப் பூட்டு இல்லை

நேற்று யாரோ ஒரு புண்ணியவான் என் போனுக்குக் கல்யாண விளம்பரம் ஒன்றை அனுப்பியிருந்தார். பெண்ணின் படம், கீழே ‘நல்ல குடும்பம், உடனே அழைக்கவும்’. இந்த மாதிரி ஏமாற்று வேலைகளைப் பார்த்தவுடன் அழித்துவிடுவேன். இதை அழிக்க முடியவில்லை. படத்தின் மேல்மூலையில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. அந்தக் கறையை எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் ஜாதகத்தை வெளியே கொடுக்க மாட்டார்கள். ராமநாதபுரத்தில் நான் வேலை பார்த்த திருமணத் தகவல் மையத்தில் ஜாதகத்துக்கும் படத்துக்கும் ஒரே ஸ்கேனர்தான். மஞ்சள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், சூடேறினால் அறையெல்லாம் அந்த வாசம். துடைக்கப் போனால் முதலாளி கையைத் தட்டிவிடுவார். “மங்கலம்ல, கெடக்கட்டும்.” எங்களிடம் வந்த பெண்கள் எல்லோரும் மூலையில் மஞ்சளோடுதான் கம்ப்யூட்டருக்குள் போனார்கள்.

கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து முதலாளி விஞ்ஞானியாகிவிட்டார். பரமக்குடி, தேவிபட்டினம் தரகர்கள் அங்கிருந்தே படங்களை ஏற்றவும் இறக்கவும் எஃப்.டி.பி. சர்வர் ஒன்றை வைத்தார். பாஸ்வேர்டு கிடையாது. ‘அனானிமஸ்’ என்று அடித்தால் எவனும் உள்ளே போய் எதையும் அள்ளிக்கொண்டு வரலாம். ஒரு பாஸ்வேர்டு வைப்போமே என்றேன். தபாலில் வாங்கிய டிப்ளமோ என்னை அப்படிப் பேச வைத்தது.

“ஏலே, கல்யாண வீட்டு வாசல எவனாச்சும் பூட்டுவானா? அதுவும் ராம்நாட்டுக்கு எவன் வரப்போறான்?”

வந்தான். எவன் என்று இன்றுவரை தெரியாது. உப்பூர்ப் பக்கம் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி ஒருவரின் மகள் செல்விக்கு அப்போதுதான் நிச்சயம் முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் தம்பி பரமக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறான். அங்கே கம்ப்யூட்டரைத் திறந்ததும் முகப்பில் அண்ணியாக வரப்போகிறவள் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தின் கீழே அடித்திருந்த அசிங்கத்தை நான் இங்கே எழுத மாட்டேன். “ஊரே பாத்த பொண்ணு எங்களுக்கு வேணாம்” என்று நிச்சயத்தை முறித்தார்கள். பார்த்த ஊரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செல்வியின் அய்யா கடைக்கு வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“கல்யாணம் போனாப் போவுது. எம்புள்ள படத்த அழிச்சிருங்கய்யா. வீட்ட விட்டு வெளிய வரமாட்டேங்குறா.”

முதலாளி கூனிக் குறுகிப் போவார் என்று எதிர்பார்த்த நான் ஒரு மடையன். “படம் அழகா இருந்தா நாலு பேரு பாக்கத்தான் செய்வான்” என்றபடி அவர் கண்முன்னாலேயே ஒரு பொத்தானைத் தட்டினார். “அழிச்சாச்சு. நிம்மதியாப் போங்க.”

அந்த மனிதர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்ட முகத்தை நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது. அழிந்தது எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான், அள்ளிக்கொண்டு போனவனிடம் இருந்தது அப்படியே இருந்தது. அப்புறமும் சர்வருக்குப் பூட்டு வரவில்லை.

மையம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பிரவுசிங் சென்டர்கள் ஒழிந்தன. எஃப்.டி.பி. என்றால் ஏதோ வியாதியா என்று என் மகன் கேட்கிறான். முதலாளி போய்ச் சேர்ந்தார், சம்சாரியும் இல்லை என்று கேள்வி. செல்வி எந்த ஊரில் இருக்கிறாளோ, தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். அவள் அய்யா அழிக்கச் சொன்ன படம் மட்டும், மூலையில் மஞ்சளோடு, உடனே அழைக்கவும் என்று போன் போனாகப் போய்க்கொண்டிருக்கிறது.