கர்த்தர் சொல்லாத பாதி

தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களை யாராவது கிண்டல் செய்தால் நான் அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்வதில்லை. அந்த வரம் பெற்ற ஒருத்தியால் எனக்கு ஒரு வருடம் வீணாய்ப் போனது. அவளாலேயே மிச்ச வாழ்க்கை கிடைத்தது.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானலில் ஒரு மிஷன் டிஸ்பென்சரியில் ஆயாவாக இருந்தேன். பஞ்சு உருட்டுவது, ஊசிகளைக் கொதிக்க வைப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது என் வேலை. வயது இருபத்து நாலு. லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர், பம்பாயில் நல்ல வேலை இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பிப் போயிருந்தார். ஆறு மாதம் கடிதம் வந்தது. அப்புறம் இரண்டு வருடமாக ஒரு கார்டுகூட இல்லை.

புதன்கிழமை மத்தியானம் டிஸ்பென்சரி கிடையாது. கோயிலை ஒட்டிய அறையில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். போதகரும் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். வில்பட்டியிலிருந்து முட்டைக்கோசும் காரட்டும் சுமந்து வந்து விற்கிற அக்கா ஒருத்தி, வியாபாரத்துக்கு நடுவே கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்து உட்காருவாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஜெபத்தின் நடுவில் அவளுக்குக் கர்த்தருடைய வார்த்தை வரும். சத்தம் போடமாட்டாள், உடம்பு ஆடாது. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுவாள். அதில் வரப்போகிற காலத்தைப் பற்றி அநேகமாக எதுவும் இருக்காது. தங்கையோடு பேசாமல் இருந்த ஒருத்தியிடம், "இன்னிக்கே போய் அவகூட உக்காந்து சாப்பிடு" என்றாள். அவளும் போய்ச் சாப்பிட்டாள்.

ஒரு புதன்கிழமை அவள் எழுந்து வந்து என் தலைமேல் கை வைத்தாள்.

"பயப்படாத தாயி. நீ தனியா இல்ல. நான் ஒங்கூட இருக்கேன்னு கர்த்தர் சொல்றாரு." கொஞ்சம் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். "போனவரு திரும்பி வருவாரு."

எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். என் சத்தம்தான் பெரிதாக இருந்திருக்கும்.

சமவெளியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு எனக்கு இடம் வாங்கி வைத்திருந்தார் எங்கள் டிஸ்பென்சரி டாக்டரம்மா. மறுநாள் காலையே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"நல்லா யோசிச்சியா?" என்று கேட்டார்.

"அவரு வர்றப்ப வீடு பூட்டிக் கெடக்கக் கூடாதும்மா."

அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. நான் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அவருடைய சட்டைகளைத் துவைத்து மடித்தேன். வத்தலக்குண்டிலிருந்து சாயங்கால பஸ் மலை ஏறி வருகிற நேரத்துக்குச் சன்னலில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

இப்படி நாலு மாதம் போனது. ஒரு கூட்டத்தில், முதல் ஜெபம் தொடங்குவதற்கு முன்பே அந்த அக்கா எழுந்து நின்றாள். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இந்தத் தாயிக்கு அன்னிக்கி ரெண்டு வார்த்தை சொன்னேன். மொத வார்த்தை எனக்குக் குடுத்தது. ரெண்டாவது குடுக்கல. இவ மூஞ்சியப் பாத்தேன், மனசு தாங்கல, நானாச் சேத்துச் சொல்லிப்புட்டேன். ஆண்டவர் பேரச் சொல்லிப் பொய் சொன்னவ நான். மன்னிச்சிருங்க."

 ஒருத்தி, "அப்ப இத்தன நாளாச் சொன்னதெல்லாம்?" என்றாள். போதகர் எழுந்தார்.

"தப்பு இவங்க மேல மட்டும் இல்லம்மா. ஒருத்தர் சொன்னா அது சரிதானான்னு மத்தவங்க நிதானிச்சுப் பாக்கணும்னுதான் வேதத்துல இருக்கு. நாம ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டோம். நானுந்தான்."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவர் வரமாட்டார் என்பதைவிட, கையில் இருந்த படிப்பை விட்டுவிட்டேனே என்பதுதான் அன்று அதிகமாக எரிந்தது. அதன்பின் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவளோ ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் ஜெபித்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி மழையில் சறுக்கி விழுந்து, கால் வீங்கி, டிஸ்பென்சரிக்கு வந்தாள். கட்டுப் போட நான்தான் இருந்தேன். பாதி சுற்றும்வரை பொறுத்திருந்தேன்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதுல்லக்கா. எதுக்கு எந்திரிச்சுச் சொன்னீங்க?"

"சாயங்காலம் யாவாரம் முடிச்சு ஒன் வீட்டத் தாண்டித்தானே போறேன். தெனமும் சன்னல்ல ஒக்காந்து பஸ்ஸையே பாத்துக்கிட்டு இருந்த. ஒன்னய அங்கன ஒக்கார வச்சது நான்தானே தாயி? அதப் பாத்துக்கிட்டே எத்தன நாளு நடந்து போவேன்?"

"அப்ப அவரு வரவே மாட்டாரா?"

"தெரியாது. நீ தனியா இல்லங்கிறது மட்டுந்தேன் எனக்குத் தெரியும்."

என்னால் முடிச்சுப் போட முடியவில்லை, கண் மறைத்தது. அவளே துணியின் நுனியைப் பிடித்துக்கொடுத்தாள். "மூணு நாள் கழிச்சு வெள்ளனே வாங்க, கூட்டம் இருக்காது" என்றேன். அவ்வளவு மாதம் கழித்து நாங்கள் இயல்பாகப் பேசியது அதுதான்.

அடுத்த வருடம் டாக்டரம்மா மறுபடி எழுதிக் கேட்டார், இடம் கிடைத்தது. மலைக்குளிரில் வளர்ந்த எனக்குச் சமவெளி வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் காமாலை வந்து படுத்தேன். ஒரு பரீட்சையில் தோற்றேன். அப்போதெல்லாம் அந்த முதல் வார்த்தையை எனக்குள் சொல்லிக்கொள்வேன். கட்டிலுக்குப் பக்கத்தில் யாராவது ஒருத்தி கஞ்சியோடு வந்து நிற்பாள். தோற்ற பாடத்தைச் சொல்லிக்கொடுக்க ஒருத்தி உட்காருவாள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அறுபதுகளில் நர்ஸாக மலைக்குத் திரும்பினேன். வாரம் ஒருநாள் ஜீப்பில் தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்குப் போய்க் குழந்தைகளுக்கு ஊசி போடுவோம். அப்படி ஒருநாள் கிளம்பும்போது பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. அவருக்கு அங்கே மனைவி இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். மன்னித்துவிடு என்று எழுதியிருந்தார். வழியில் இரண்டு முறை படித்தேன். தோட்டத்தில் நாற்பது தாய்மார் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேர் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டு முடித்துவிட்டுத்தான் அழுதேன். அழுகையும் சீக்கிரம் நின்றுவிட்டது. நாலைந்து வருடத்துக்கு முன் வந்திருந்தால் அந்தக் கடிதம் என்னைக் கொன்றிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வில்பட்டிக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். பட்டாணி பறித்துக்கொண்டிருந்தவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள். நான் தேற்ற வேண்டியதாயிற்று.

அதற்குள் கூட்டத்தில் அவள் மறுபடி பேசத் தொடங்கியிருந்தாள். போதகர்தான் கேட்டுக்கொண்டாராம். இப்போது அவள் சொன்னால் பெண்கள் கேள்வி கேட்டார்கள், ஒருவருக்கொருவர் கலந்து பேசினார்கள். "மிச்சம் எனக்குத் தெரியாதுங்க" என்று அவள் கூச்சமில்லாமல் சொல்வாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த வாயை நான் முழுக்க நம்பினேன்.

அன்று வரப்பில் அவள் எனக்காக ஜெபித்தாள். முடித்ததும், நான் அவளுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன்.