சுற்றுச்சுருக்கு

கண்டி ஆஸ்பத்திரியில் மாமியின் கட்டிலருகே இருந்த சிறிய அலுமாரியின் மேல் ஓர் எவர்சில்வர் டம்ளர் வெறுமனே கிடந்தது. கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் காலமெல்லாம் கொழுந்து பறித்தவர் என் மாமியார். விடிந்ததும் பால் சேர்க்காத பிளேன்டீ உள்ளே போகாவிட்டால் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். குடலில் ஆப்பரேஷன் முடிந்து நாட்கள் கடந்தும் அந்த டம்ளரில் ஒரு சொட்டு ஊற்ற அனுமதி கிடைக்கவில்லை.

"அம்மா, காத்துப் பிரிஞ்சதோ?" என்று யாழ்ப்பாணத்து இளம் டாக்டர் தினமும் வார்டுக்கே கேட்கும்படி விசாரிப்பார். மாமி போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு இல்லையென்று தலையாட்டுவார். அன்று டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். "நாளைக்கும் குடல் அசையேல்லை எண்டால் திரும்ப வயித்தைத் திறக்கவேண்டி வரும்." இன்னொரு ஆப்பரேஷனை அந்த உடம்பு தாங்காது.

நான் விஞ்ஞான டீச்சர். குடல் சுருங்கி விரிந்து உணவைத் தள்ளிக்கொண்டு போவதற்குச் சுற்றுச்சுருக்கு என்று பெயர் எனக் கரும்பலகையில் எத்தனையோ வருடங்களாக எழுதி வருபவள். ஆனால் மாமியிடம் அதைப்பற்றி வாய் திறப்பதா? எங்கள் வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒருவர் முன் ஒருவர் ஏப்பம்கூட விடமாட்டோம். மரியாதை அப்படி! வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, வகுப்பில் சொல்வதுபோல் சுற்றுச்சுருக்கு என்ற பெயரோடே சொன்னேன். ஆப்பரேஷனில் அசந்துபோன குடல் விழித்து வேலை செய்தால்தான் காற்று கீழே வரும். அது வந்தால்தான் தேநீர்.

மாமி சுவரைப் பார்த்தபடி முணுமுணுத்தார். "நேத்துல இருந்து முட்டுது. நீ பக்கத்துலயே உக்காந்திருக்க. எப்படிம்மா விடுறது?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன எனக்கு. "ஐயோ, விடுங்க மாமி!"

விட்டார். வார்டே திரும்பிப் பார்த்தது. எதிர்க்கட்டிலில் படுத்திருந்த மடவளை ஊர் முஸ்லிம் அம்மா இரண்டு கைகளையும் ஏந்தி, "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். சிரிப்புச் சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். அவர் கேட்கும் முன்பே மாமி போர்வையை விலக்கி, "போச்சு தம்பி, நல்லாவே போச்சு!" என்றார். டாக்டர் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கத்திக்கு இனி வேலையில்லை. மாலையில் அந்த டம்ளரில் கொஞ்சம் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தபோது, போட்டியில் வென்றவள்போல நிமிர்ந்து நின்றேன்.

இன்று காலை வீட்டிலும் அதே டம்ளரில்தான் தேநீர் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினேன். கூடத்திலிருந்து ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். மாமி கதிரையில் சாய்ந்திருந்தார். வெட்கமாவது ஒன்றாவது! டம்ளரை உயர்த்திப் பிடித்து, அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி கூவினார்:

"டீச்சர்! சுற்றுச்சுருக்கு!"