சாமி மேல் இருந்த தோட்டம்

எங்கள் வீட்டைப் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரப்போகிறார்கள் என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாய்க்குப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

"டிக்கெட்டா? நம்ம வூட்டுக்கா? எதுக்கு, நீ தோசை சுடறத பாக்கவா?"

"இல்லங்க, தோட்டத்த பாக்க."

"எந்தத் தோட்டம்?"

அவர் கேட்டதிலும் தப்பில்லை. தொம்மலூர் ஊருக்குள் ஒரு சந்தில் கடைசி வீடு எங்களுடையது. முன்னால் இரண்டு சின்ன ரூம், பின்னால் கொஞ்சம் மண். அந்த மண்ணில் ஒரு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை, மூலையில் பவழமல்லி. பாத்ரூம் சுவர்மேல் சங்குப்பூக் கொடி. மற்றதெல்லாம் பெயிண்ட் டப்பாவிலும் எண்ணெய் டின்னிலும் இருந்தது. சாமந்தி, கனகாம்பரம், பன்னீர் ரோஜா, ஓட்டை விழுந்த குக்கரில் மருக்கொழுந்து. இதைத் தோட்டம் என்று நாங்கள் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. சாமிக்குப் பூ வேண்டும், கடையில் விலை கொடுத்து மாளாது, அதனால் வளர்த்தோம். அவ்வளவுதான்.

இதைத் தோட்டம் என்று முதலில் சொன்னது பங்களாம்மா. அவர்களுக்கு வேறு பேர் உண்டு, ஆனால் எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். இந்திராநகரில் பெரிய வீடு. என் மகள் படித்த பள்ளிக்கூடத்துக்கு வாரம் ஒருநாள் வந்து பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுப்பார்கள். அது நடக்க முடியாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். என் மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப் போய்விட்டது. காலுக்கு இரும்புக் காலிபர் போட்டு, கக்கத்தில் இரண்டு கட்டையை ஊன்றிக்கொண்டு நடப்பாள். கால்தான் மெதுவே தவிர வாய்க்கு அந்தக் குறை ஆண்டவன் வைக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேன் வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் பாதிப் பிள்ளைகள் வரமுடியாது. என் மகளையே அவள் அப்பா சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு தள்ளிக்கொண்டு போவார். பங்களாம்மாவும் அவர்கள் சிநேகிதிகளும் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தங்கள் வீட்டையும் தோட்டத்தையும் திறந்து வைப்பது, ஜனங்கள் டிக்கெட் வாங்கி வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு போவது, வருகிற பணம் வேனுக்கு. வெளிநாட்டில் இப்படி நடக்குமாம்.

ஒரு மழைநாளில் பங்களாம்மா என் மகளைக் காரில் கொண்டுவந்து விட்டார்கள். அவள் சும்மா இருப்பாளா? பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் பேச்சு கன்னடமும் தமிழும் கலந்து வரும்.

"தும்ப சென்னாகிதேம்மா உங்க தோட்டா! இதையும் சேர்த்துக்கலாமா?"

எங்கள் தோட்டம் ரொம்ப நன்றாக இருக்கிறதாம். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் என் மகள், "சேர்த்துக்கங்க ஆன்ட்டி, நான்தான் எல்லாருக்கும் சுத்திக் காட்டுவேன்," என்று முடித்துவிட்டாள்.

அன்று தலை பின்னிவிடும்போது கேட்டேன், "ஏண்டி, நம்ம டப்பா செடிய பாத்துட்டு சிரிக்கப் போறாங்க, உனக்கு எதுக்கு இந்த வேல?"

"சிரிக்கட்டுமே. ஸ்கூலுக்கு வர்றவங்க எல்லாம் வந்ததும் என் கால பாக்கறாங்க, கால்ல இன்னாம்மா ஆச்சுன்னு கேக்கறாங்க. இங்க பூவப் பாக்க வருவாங்க. பூவப் பத்தி கேப்பாங்க. நான் சொல்லுவேன்."

எனக்குப் பின்னல் கையிலேயே நின்றுவிட்டது. அவளுக்குப் பதிமூன்று வயது. இதை எத்தனை நாளாக மனதுக்குள் வைத்திருந்தாளோ. உள்ளே போய் அம்மன் படத்துக்கு முன்னால் நின்று, "தாயே, அன்னிக்கு ஒரு ஆள்கூட அவ கால கேக்கக் கூடாது," என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே இங்கிலீஷ்தான். நான் ஆறாவதோடு நின்றவள், எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. "வெல்கம் டு அவர் கார்டன். திஸ் இஸ் ஹைபிஸ்கஸ்." ஒத்திகையில் அவள் அப்பாதான் டிக்கெட் வாங்கி வந்த ஆள். பேன்ட் போட்டுக்கொண்டு, பின்னால் கை கட்டிக்கொண்டு நடப்பார்.

"வாட் இஸ் திஸ்?"

"அப்பா, அது பாத்ரூம்!"

"டிக்கெட் வாங்கியிருக்கேன் இல்ல, சொல்லு."

எங்கள் வீடு ஏரோப்ளேன் இறங்குகிற வழியில் இருந்தது. தலையைத் தொடுகிற மாதிரி வரும். வந்தால் ஒரு பேச்சும் கேட்காது. அப்போது நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து பிடிக்கவும் அவள் பழகினாள்.

இப்போது என் வீட்டுக்காரரின் பழக்கத்தைச் சொல்லவேண்டும். அவர் பேக்டரியில் முதல் ஷிப்ட் போகிறவர். வருஷக்கணக்காக இருட்டிலேயே எழுந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு பின்னால் போய், பூத்த பூவை ஒன்று விடாமல் பறித்துக்கொண்டு வந்து பூஜை செய்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். விளக்கு போடமாட்டார். எந்தச் செடி எங்கே, எந்தக் கிளை எந்தப் பக்கம் என்று அவர் கைக்குத் தெரியும். வாய் முருகா முருகா என்றுகொண்டிருக்கும், கை பறித்துக்கொண்டிருக்கும். விடிந்து பார்த்தால் எங்கள் செடிகளில் வெறும் பச்சைதான். பவழமல்லிக்குக்கூட அடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து வைத்திருப்பார், ஒரு பூ மண்ணில் விழக்கூடாது.

அதனால் முதல்நாளே, பூவைத் தொடக்கூடாது என்று மகள் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அவரும் சிவாஜிநகர் போய்க் கட்டின சாமந்தி வாங்கிவந்து, ஈரத்துணியில் சுற்றி, டிபன் டப்பாவில் போட்டு வைத்தார். "நாளைக்கு சாமிக்கு இது. செடிகிட்டயே போகமாட்டேன், போதுமா?"

நான் பின்பக்கத்தைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட இடம் பார்த்தேன். அங்கே கிடந்த உடைந்த நாற்காலி, சைக்கிள் டயர், தேங்காய் மட்டை, ட்ரம், விறகுக் கட்டு எல்லாவற்றையும் தூக்கி வீட்டுக்குள் கட்டில்மேல் அடுக்கினேன். தோட்டத்தைத்தானே பார்க்கப்போகிறார்கள், உள்ளே யார் வரப்போகிறார்கள்?

மறுநாள் காலையில் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். ஊதுவத்தி வாசனை வாசல்வரைக்கும் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் பூஜை அலமாரியில் பூவுக்கு நடுவில் முருகன் முகம் மட்டும் தெரிகிறது. அம்மனுக்குத் தலையிலிருந்து கால்வரை செம்பருத்தி. பிள்ளையார் இருக்கிற இடமே தெரியவில்லை. வாரக்கணக்கில் சாணி உரம் போட்டுப் பாதுகாத்த பூ அத்தனையும் அங்கே இருந்தது. 

"ஏங்க..."

கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தவர் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் மூடியபடியே இருந்த டிபன் டப்பாவைப் பார்த்தார். 

"ஐயோ முருகா. கை பூட்ச்சுடி. எனக்குத் தெரியாமயே கை செடிக்குப் பூட்ச்சு."

மகள் அதற்குள் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினோம். அவள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு நடுவில் நின்றாள். சுற்றிலும் பச்சை. ஒரு பூ இல்லை.  கீழுதடு துடித்தது.

அவர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "பாப்பா, அப்பன அடிச்சுடு. டப்பால சாமந்தி இருக்குது. செடியில கட்டி வுடட்டுமா? தூரத்துல இருந்து பாத்தா தெரியாது."

"செம்பருத்தில சாமந்தி பூக்குமாப்பா?"

"அப்ப சாமி மேல இருக்கறத எடுத்து..."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார். சாமிக்குப் போட்ட பூவைச் சாயந்திரம் விளக்கு வைக்கிறவரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் தொடக்கூடாது. அது அவர் வைத்த சட்டம்தான்.

நாங்கள் இப்படி யோசித்துக்கொண்டிருக்க, வெயில் ஏறி, வாசலில் பங்களாம்மா குரல் கேட்டது. பக்கவாட்டு நடை வழியாக முதல் கூட்டம் பின்பக்கம் வந்துவிட்டது. நெட்டையாக ஒரு ஐயா கழுத்தில் கேமராவோடு, இரண்டு மூன்று குடும்பம், பிள்ளைகள், கவுன் போட்ட வயசான ஆங்கிலோ இந்தியன் அம்மா ஒருவர். எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள், செடியைப் பார்த்தார்கள், பிறகு, பார்க்க வேறொன்றும் இல்லாததால், என் மகளைப் பார்த்தார்கள். பார்வை கீழே இறங்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தாயே, தாயே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து ஏரோப்ளேன் வந்தது. எல்லாரும் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள். அது போய் முடிகிறவரைக்கும் மகள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சத்தம் அடங்கியதும் நிமிர்ந்தாள்.

"வெல்கம் டு அவர் கார்டன். ஆல் அவர் ஃப்ளவர்ஸ் ஹேவ் கான் டு காட். ப்ளீஸ் ரிமூவ் யுவர் ஷூஸ்."

எனக்கு அதில் ஷூஸ் மட்டும்தான் விளங்கியது; எங்கள் பூவெல்லாம் சாமியிடம் போய்விட்டது, செருப்பைக் கழற்றுங்கள் என்றாளாம், அப்புறம்தான் தெரிந்தது. பங்களாம்மா சிரித்துவிட்டார்கள். எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். நெட்டை ஐயா படியில் உட்கார்ந்து ஷூ கயிறு அவிழ்த்தார். எதற்குக் கழற்றுகிறார்கள் என்று நான் யோசிப்பதற்குள் என் மகள் கட்டையைத் தட்டிக்கொண்டு முன்னால் போக, அத்தனை பேரும் வரிசையாக என் வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

கட்டில்மேல் சைக்கிள் டயரும் விறகும் தேங்காய் மட்டையும் மலை மாதிரி. கொடியில் நேற்று துவைத்த துணி. ஆட்டுக்கல் பக்கத்தில் ஊறப்போட்ட இட்லி அரிசி. நான் முந்தானையால் எதை மறைப்பது? கட்டிலை மறைத்தால் கொடி தெரிகிறது, கொடியை மறைத்தால் கட்டில் தெரிகிறது. கடைசியில் என் முகத்தையே மூடிக்கொண்டேன்.

ஆனால் ஒருவரும் கட்டிலைப் பார்க்கவில்லை. அலமாரிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளையும் சிவப்பும் நீலமுமாகப் பூ அங்கே குவிந்திருந்தது. அவள் கட்டையைத் தூக்கி ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னாள். ஒவ்வொன்றும் சொல்லி முடித்ததும், "இதோட வீடு எது? போய் கண்டுபிடிச்சுட்டு வாங்க," என்பாள். பிள்ளைகள் பின்கதவு வழியாகப் பாய்ந்து ஓடிப்போய், "இந்த டப்பாவா? இந்த குக்கரா?" என்று கத்துவார்கள். பெரியவர்களும் பின்னால் போய், கிள்ளின காம்பைக் குனிந்து தேடினார்கள். அடுத்தடுத்து வந்த கூட்டத்துக்கும் இதேதான். பங்களாக்களில் பூவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்கள் வீட்டில் பூவுக்குச் செடி தேடினார்கள்.

முதல் கூட்டத்திலேயே அந்தக் கவுன் போட்ட அம்மா சங்குப்பூவைக் காட்டி, "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. கிட்ட வச்சுப் பாக்கலாமா, மேன்?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்கள். அவருக்கு வேர்த்துவிட்டது. மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அலமாரி முன்னால் கைகூப்பி நின்றார். உதடு அசைந்தது. என்ன பேசிக்கொண்டார்களோ அவரும் முருகனும். அப்புறம் அம்மன் காலடியிலிருந்து அந்த நீலப்பூவை எடுத்து, கண்ணில் ஒற்றி, அவர்கள் உள்ளங்கையில் வைத்தார்.

"வெச்சுக்கங்கம்மா. பிரசாதம்."

அவ்வளவுதான். எனக்கு, எனக்கு என்று எல்லாக் கையும் நீண்டது. நெட்டை ஐயா செம்பருத்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பங்களாம்மா பன்னீர் ரோஜாவைக் கொண்டையில் செருகிக்கொண்டார்கள். நாள் பூராவும் கொடுத்துக் கொடுத்து, பொழுது சாயும்போது பிள்ளையார் காதுமேல் ஒரே ஒரு நந்தியாவட்டை. அதையும் எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டு, டிபன் டப்பாவைத் திறந்து, கடைச் சாமந்தியை எல்லாப் படத்துக்கும் போட்டு, விளக்கு வைத்தார்.

"சாமிங்களும் இன்னிக்கு கடைப் பூ வெச்சுக்கட்டும்," என்றார். "டிக்கெட் வாங்கினவங்களுக்கு நல்ல பூ."

சோறு பிசைந்து போடும்போது மெதுவாகக் கேட்டேன், "யாராச்சும் கால கேட்டாங்களாடி?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரே ஒருத்தங்க, அந்தக் கண்ணு சரியாத் தெரியாத ஆன்ட்டி. அவங்களும் காலக் கேக்கலம்மா, கட்டையத்தான் சொன்னாங்க. ஏய் பொண்ணு, கட்டைய பாத்து ஊனு, கனகாம்பர டப்பா மேல இடிக்கறன்னு திட்டினாங்க!" சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் திட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. அம்மன் நான் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டாள்.

வேன் அடுத்த வருஷம் வந்தது. அது வேறு கதை.

மறுநாள் காலை வழக்கம்போல அவர் இருட்டில் பின்னால் போனார். திரும்பி வரும்போது பூக்கூடையில் பாதிதான் இருந்தது. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

"செடிக்கு ஒண்ணு ரெண்டு வுட்டு வெச்சிருக்கேன்," என்றார். "பாப்பா யாருக்காவது காட்டணும்னா?"

காட்டுவதற்கு அன்று யாரும் வரவில்லை. பால் பாக்கிக்காகப் பால்காரர்தான் வந்தார். என் மகள் அவரைச் சைக்கிளோடு பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய், "வெல்கம் டு அவர் கார்டன்," என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். பாவம், அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார்.