எத்தெலின் டூடா

எத்தெல் கிரிம்ஷா என்று கேட்டால் அந்த லங்காஷயர் ஆலை ஊரில் சற்று யோசிப்பார்கள். ‘டூடா எத்தெல்’ என்றால் உடனே வீட்டைக் காட்டிவிடுவார்கள். தலைகால் புரியாமல் படபடத்துப் போவதற்கு அவர்கள் வைத்திருந்த சொல் டூடா. யாருக்கும் எப்போதாவது அது வரும். எத்தெலுக்குத் தினமும் வந்தது. பாதிரியார் தேநீருக்கு வந்த அன்று கோப்பையை விட்டுவிட்டுச் சர்க்கரைக் கிண்ணத்தில் தேநீரை ஊற்றிவிட்டு, அதையே அவரிடம் நீட்டினவள் அவள்.

தறியில் மட்டும் அவள் வேறு ஆள். நான்கு தறிகளை ஒருத்தியாகப் பார்த்துக்கொள்வாள். ஒரு இழை தவறாது. அந்த இரைச்சலில் காது எதற்கும் உதவாது என்பதால் நெசவுக்காரிகள் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். வெளியே வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது.

1935 கோடையில் வருடாந்திர விடுமுறைக்காக ஆலையை மூடிய வாரத்தில், முப்பது பேர் சேர்ந்து பஸ் பிடித்துக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். எத்தெலுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. பக்கத்தில் அவள் அக்கா கிளாரா, பன்றிக்கறி அடைத்துச் சுட்ட ரொட்டிகள் அடங்கிய கூடையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் எத்தெலின் உதடுகள் அசைந்தன.

“கேஸ் அடுப்பை மூடினேனாக்கா?”

“மூடினே.” கிளாராவும் உதட்டிலேயே பதில் சொன்னாள். “எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதே.”

“மூடின மாதிரி ஞாபகமே இல்லியே. பூனை வேற உள்ள இருக்கு.”

பஸ் ஓரங்கட்டி நின்றது. ஓட்டுநர் வில்ஃப் ஆஷ்வொர்த் திரும்பிப் பார்த்தார். பெரிய காதுகளும் நிதானமான குரலும் கொண்ட மனிதர். மனைவியை இழந்து ஆறு வருடமாகிறது.

“பூனை எந்த ரூம்லம்மா இருக்கு?” என்று எத்தெலைக் கேட்டார்.

எத்தெல் கையால் உதட்டை மூடிக்கொண்டாள். “நான் வாயே திறக்கலியே!”

“எங்கம்மாவும் தறிக்காரிதான். கண்ணாடில உங்க உதடு நல்லாத் தெரியுது. திரும்பிப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்.”

பின்னால் ஒரே கூச்சல். “டூடாவுக்காகவா? அதுக்குள்ள கடல் வத்திடும்யா!” என்று ஒருவன் கத்தினான். வில்ஃப் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போய்ப் பார்த்தால் கேஸ் மூடித்தான் இருந்தது. பூனை நாற்காலியில் உறங்கிக்கொண்டிருந்தது. எத்தெல் தலையைக் குனிந்தபடி வந்து ஏறினாள். இன்னும் நாலு மைல் போயிருக்கும், உதடு மறுபடி அசைந்தது.

வில்ஃப் கண்ணாடியைப் பார்த்தே சொன்னார்: “கதவைப் பூட்டிட்டீங்க. ரெண்டு தடவை இழுத்தும் பாத்தீங்க. நானே பாத்தேன்.”

எத்தெல் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தாள். ‘ஒண்ணுமில்லை, சும்மா இரு’ என்று ஆயிரம் பேர் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்காக ஒருவர் பார்த்து வைத்துக்கொண்டது இதுவே முதல் தடவை. கடற்கரையில் இறங்கியபோது தண்ணீர் நிஜமாகவே அரை மைல் உள்வாங்கிக் கிடந்தது. எல்லாரும் அவளை முறைத்தார்கள். தன் பங்குக் கறிரொட்டியில் பாதியை அவள் கொண்டுபோய் வில்ஃபிடம் கொடுத்தாள்.

அடுத்த வசந்தத்தில் அவளுக்கும் வில்ஃபுக்கும் கல்யாணம். மாதா கோயில் வாசல்வரை நன்றாகத்தான் வந்தாள். உள்ளே எழுபது தலைகள் ஒருசேரத் திரும்பியதைக் கண்டதும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். கிளாரா கெஞ்சினாள், அதட்டினாள், காதோரம் கிள்ளியும் பார்த்தாள். இருபது நிமிடம் ஓடியது. அப்புறம் கல்யாண உடையோடு வில்ஃபே வெளியே வந்து நின்றார்.

“சடங்குக்கு முன்னாடி மாப்பிள்ளை பொண்ணைப் பாக்கக் கூடாது! உள்ள போங்க!” என்று கிளாரா அலறினாள்.

“நேத்தும் பாத்தேனே,” என்றபடி வில்ஃப் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். “எதுவரைக்கும் வர முடியும் உன்னால?”

அவள் எட்டிப் பார்த்தாள். “கதவுகிட்ட வரைக்கும். கதவு திறந்திருக்கணும். தெரு தெரியணும்.”

வில்ஃப் உள்ளே போய்ப் பாதிரியார் காதில் ஏதோ சொன்னார். அந்தச் சர்க்கரைக் கிண்ணப் பாதிரியார்தான். அவர் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு நீளநெடுக நடந்து வந்து, கதவோரம் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் தொட்டியருகே நின்றார். எழுபது பேரும் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்தார்கள். முன்வரிசை பிடிக்க விடிகாலையே வந்தவர்கள் எல்லாம் கடைசி வரிசையானார்கள். வெளியே பால்வண்டி போகிற சத்தத்துக்கு நடுவே எத்தெல் ‘சம்மதம்’ என்றாள். விருந்தில் இரண்டு தட்டு பன்றித்தொடைக்கறி சாப்பிட்டாள்.

கல்யாணத்தால் டூடா போய்விடவில்லை. அவர்களுடைய மூத்த பெண் முதல் நாள் பள்ளிக்குப் போனபோது, எத்தெல் இரண்டு கால்களுக்கும் வேறு வேறு செருப்பு போட்டுக்கொண்டு பின்னாலேயே போய் வந்தாள். ஆனால் 1951இல் கிளாராவுக்குப் பித்தப்பை அறுவை என்றானபோது, யாருக்கும் அஞ்சாத அந்த அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் பல் கிட்டிக்க நடுங்கினாள். வேறு யாரையும் உள்ளே விடாதீர்கள், எத்தெலைக் கூப்பிடுங்கள் என்றாள்.

எத்தெல் வந்து அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். “உள்ளங்கை வேர்த்தாச்சா? அடுத்து காது அடைக்கும். அப்புறம் வயித்தைப் பிசையும். அதோட டூடா தணிஞ்சுடும், பத்தே நிமிஷம். எனக்கு இதெல்லாம் மனப்பாடம்க்கா.”

“நிஜமாவே காது அடைக்குதுடி,” என்றாள் கிளாரா.

“அப்போ பாதி தாண்டிட்டே,” என்று எத்தெல் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.