சவுக்குத் தோப்பில் கிடந்த குவியல்

எழுபதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதம். பள்ளிப்பட்டில் அப்பா விட்டுப்போன நிலத்தை விற்ற பன்னிரண்டாயிரம் ரூபாய் கையில் இருந்தது. எங்கள் குடும்பத்துக்கு இருந்த சேமிப்பு அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டியில் விமான உதிரிபாகம் கடையும் சின்னப் பட்டறை ஒன்று பங்குதாரர் தேடுகிறது, ஆர்டர் பெருகப் போகிறது என்றார்கள். பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

சென்ட்ரலில் காலை 7.10 பாசஞ்சர். தூரம் நாற்பத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றரை ரூபாய். சரக்கு வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு, இறங்கும்போது 9.40. அதற்குள்ளேயே அலுத்துப்போயிற்று. எளாவூர் போகும் லாரி ஒன்று எட்டணாவுக்கு ஏற்றிக்கொண்டது.

“இன்னா சார், இந்த வெயில்ல எங்க போய்க்கினு இருக்கே?” என்றார் டிரைவர். சொன்னேன். “இங்க சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டவே ஆளு கெடையாது. பிளேனுக்கா?” என்று சிரித்தார்.

மூன்றாவது கிலோமீட்டரில் பட்டறை. நான்கு லேத், ஒன்பது ஆட்கள். முதலாளி கஜேந்திரனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். விமானச் சக்கரத்தின் அச்சில் பொருத்தும் வெண்கல வளையங்களை எண்ணெய்த் தாளில் சுற்றி அடுக்கியிருந்தார். பார்க்க நன்றாகவே இருந்தன.

“தேறாத பீஸெல்லாம் எங்கே?” என்று கேட்டேன்.

“வேஸ்டே இல்லீங்க சார். நூத்துக்கு நூறு பாஸு.”

எனக்கு மனது விட்டுப்போயிற்று. ரயில்வே பணிமனையில் பதினோரு வருடம் பரிசோதகராக இருந்தவன் நான். கடைசலில் கழிவு விழாமல் இருக்காது. இல்லை என்றால், கெட்டதையும் நல்லதோடு சேர்த்து அனுப்புகிறார்கள் என்று அர்த்தம். ரயில் பழுதானால் வழியில் நிற்கும். விமானம் எங்கே நிற்கும்? யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

ரோட்டுக்கு வரும் வழியில், பட்டறைக்குப் பின்னால் சவுக்குத் தோப்பில் சிறுநீர் கழிக்க ஒதுங்கினேன். காலில் ஒரு தார்ப்பாய் தட்டியது. தூக்கிப் பார்த்தால் அடியில் அதே வளையங்கள், முட்டளவுக் குவியல். ஒவ்வொன்றிலும் சிவப்புச் சாயம் பூசி, யாரும் திரும்ப எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி ரம்பத்தால் இரண்டாக அறுத்திருந்தார்கள். ஒன்றைக்கூட விடவில்லை.

அறுத்த துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். கஜேந்திரன் முகம் செத்துவிட்டது.

“போன மாசம் பணம் போடறேன்னு ஒருத்தரு வந்தாரு சார். இதப் பாத்துட்டு, இவ்ளோ வேஸ்ட் பண்றியான்னு நாஷ்டாகூடத் துன்னாம போய்ட்டாரு. அதான் மூடி வச்சேன்.”

“பணம் தர்றேன். ஆனா இந்தக் குவியல் வாசல்லதான் இருக்கணும்” என்றேன்.

மனிதர் தோப்புக்கு நடந்தார். நேராகப் போய்த் தார்ப்பாயை இழுத்தார். துண்டுகளை அதில் வாரிப் போட்டு வாசலுக்கு இழுத்தபோது நானும் ஒரு முனையைப் பிடித்தேன். ஊர் திரும்ப வேண்டிய 3.20 வண்டி போய்விட்டது. இடுப்பு மூன்று நாள் வலித்தது.

அந்தப் பக்கம் பணம் போடப் போகிறவர்களுக்கு: தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள். லாபம் மெதுவாகத்தான் வரும். எனக்கு முதல் ஆறு வருடம் ஒன்றும் வரவில்லை. ஆபீஸ் அறையில் காபி கொடுத்து உட்கார வைப்பார்கள். குடித்துவிட்டு, கொல்லைப்புறம் எங்கே என்று கேளுங்கள்.