நான் படிக்காத நான்கு வரிகள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பெருந்துறையிலிருந்து ஒருவர் அழைத்தார். "ஏனுங்க, படம் வரையற அம்மணிங்களா? உங்க படத்துல உட்கார்ந்திருக்கிறவரு தவறிப்போயிட்டாருங்க. ரெண்டு நாளா கதவு தெறக்கலீங்க. நெஞ்சு வலியா இருக்குமுங்கறாங்க." பேசியவர் வீட்டு உரிமையாளர். என் கண்காட்சி அழைப்பிதழில் இருந்த எண் மட்டுமே அந்த அறையில் கிடைத்ததாம்.

எழுத்தாளர் பொன்னுசாமி அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் கேட் ஆபீசில் எழுத்தராக இருந்தவர். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் எழுதினார். மனைவி இறந்தபின் எழுதிய நாவலை எந்தப் பதிப்பகமும் எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பின் அவர் எழுதவே இல்லை.

கோவையில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில்தான் அவரைப் பார்த்தேன். கடைசி வரிசையில் தலையைக் கையில் தாங்கி அமர்ந்திருந்தார். எழுத்தாளன் ஒருவனின் விரக்தியை ஆளுயரப் படமாக வரைய ஆள் தேடிக்கொண்டிருந்தவள் நான். முகம் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். படத்துக்கு உட்கார வருவீர்களா என்று தயங்கித்தான் கேட்டேன். "ஞாயித்துக்கெழமெ சும்மாதானுங்க இருக்கறேன், வாரேனுங்க" என்றார்.

ஏழு ஞாயிறு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். மேசையில் வெற்றுத்தாள் இருந்தால் பொய்யாகத் தெரியும், ஏதாவது எழுதி வையுங்கள் என்றேன். நெடுநேரம் யோசித்து, பெரிய எழுத்தில் நான்கு வரி எழுதினார். "கை வலிக்குதுங்களா சார்? மொகத்தெ மட்டும் மாத்திராதீங்க." ஏழு வாரமும் நான் அவரிடம் பேசியது ஏறக்குறைய இவ்வளவுதான். ஒருமுறை தத்ரூபமாக உட்கார்கிறீர்கள் என்று மெச்சினேன். "நடிக்க வரலீங்க அம்மணி. நெசமாவே உட்கார்ந்துபோட்டேன்" என்றார். நான் சிரித்தேன். அட கடவுளே, சிரித்தேன்!

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படத்துக்குள் வரும் எழுத்தைப் படிக்கக் கூடாது. படித்தால் கை நம் கையெழுத்துக்குப் போய்விடும். தாள் அவர் பக்கம் பார்த்திருந்தது, எனக்குத் தலைகீழ். வசதியாகப் போயிற்று என்று கோடு, சுழி, புள்ளியாக வரைந்து தள்ளினேன்.

கடைசி ஞாயிறு படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "எழுத்தெல்லாம் அப்படியே வந்திருக்குதுங்க. படிச்சீங்களா அம்மணி?"

"படிச்சா படம் கெட்டுப்போயிருமுங்க சார்" என்றேன், பெருமையாக.

"அதுவுஞ் செரிதானுங்க." டீயைக் குடித்து, டம்ளரைத் தாமே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

கண்காட்சியில் வந்தவர்களெல்லாம் அந்தத் தாளைத்தான் புகழ்ந்தார்கள். தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கிறது என்றார்கள். ஒருவரும் படிக்கவில்லை.

புதன்கிழமை அவரை எரித்துவிட்டு வந்தோம். எட்டே பேர். வீட்டுக்கு வந்ததும் "படிச்சீங்களா அம்மணி" என்ற குரல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. படத்தைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பினேன்.

"அம்மணி, இந்த மொகத்தெயே பாக்கறீங்க.
என்னாச்சுன்னு ஒருக்காக் கேளுங்க.
கேட்டாச் சொல்லிப்போடுவேனுங்க.
நானாச் சொல்ல வாய் வரலீங்க."

பாவி நான். அந்த முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் அளந்தவள். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்புக்கு எந்தச் சாயத்தில் எதைக் கலப்பது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டவள். ஏன் அந்தக் கருப்பு என்று கேட்கத் தோன்றவில்லையே! என் கையிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். நானும் பிசகாமல் எழுதியிருக்கிறேன்.

படத்தை நான் இன்னும் நிமிர்த்தவில்லை. அவர் தலைகீழாகத் தொங்குகிறார், எழுத்து நேராக இருக்கிறது. போய் வாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சொல்ல முடியவில்லை. அதற்கு முன்னால் கேட்கவேண்டியது ஒன்று பாக்கியிருக்கிறது.

என்னாச்சுங்க சார்?