நாடாவின் மறுமுனை

வட்டமான தோல் உறைக்குள் சுருண்டு கிடக்கும் அறுபத்தாறு அடி அளவு நாடா அது. பித்தளைக் கைப்பிடியைச் சுற்றினால் சரசரவென்று உள்ளே போய்விடும். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

1950களின் நடுவில், ஓர் அலுவலகத்தில் வரைபடங்களை நகலெடுக்கும் வேலையில் இருந்தேன். எங்கள் தலைமை எழுத்தர் யாழ்ப்பாணத்துக்காரர்; கடலோரக் காத்தோங் வட்டாரத்தில் சொந்த வீடு. வெள்ளைக்கார மேலதிகாரி அவர் வீட்டுக்குத் தேநீர் விருந்துக்கு வரச் சம்மதித்திருந்தார். அதற்குள் முறையாக வரைந்து போட்ட ஒரு தோட்டம் வேண்டும் என்று தலைமை எழுத்தருக்கு ஆசை வந்துவிட்டது.

“என்ன சாமான் வாங்க வேணும் எண்டு நீர் சொல்லும்” என்றார்.

“நாலு முளைக்குச்சி, ஒரு நூலுருண்டை, கட்டம் போட்ட தாள். அது போதும் சார்.”

முகத்தைச் சுளித்தார். “அது தோட்டக்காரன்ட வேலை. எனக்கு மேப் மாதிரி இருக்க வேணும்.”

ஆகவே நாடா, மூலைமட்டம், அளவுகோல், வரைபலகை என்று தேடிப் போனோம். கடை விரித்திருந்த சீனக் கிழவர் எடுத்து நீட்டிய ஒவ்வொன்றையும் தலைமை எழுத்தர் கைக்குட்டையால்தான் வாங்கிப் பார்த்தார். எல்லாம் வாங்கி முடிந்ததும் அந்தக் கைக்குட்டையைக் கிழவரின் கால்மாட்டிலேயே போட்டுவிட்டு நடந்தார். எனக்கு அப்போதே அவர்மேல் அருவருப்பு வந்தது. ஆனாலும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன். என் வேலை நிரந்தரமாவது அவர் எழுதப்போகும் குறிப்பில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அளக்கப் போனபோது நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது அவருடைய தங்கை; என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அக்கா என்று கூப்பிட்டேன். கணவனை இழந்து, பத்து வருடமாக அந்த வீட்டில் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். கொல்லையில் தகரக்கூரை போட்ட ஒற்றை அறையில் இருந்தார். அறையைச் சுற்றி முருங்கை, கறிவேப்பிலை, வெண்டி, பயற்றங்கொடி. எல்லாம் அவர் பாத்திரம் கழுவிய தண்ணீரில் வளர்ந்தவை. அண்ணன் தினமும் சாப்பிட்ட கறியும் அங்கிருந்துதான்.

“இன்னும் இறுக்கிப் பிடிக்கட்டே தம்பி?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். “இந்த மூலைக்குப் பின்னேரம் வெயில் வராது. இதில வெண்டி போட்டிடாதையுங்கோ.” தன் பாத்திகளைத் திருத்தத்தான் இத்தனை ஏற்பாடு என்று நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்து, அவர் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் தலைமை எழுத்தர் நான் வரைந்திருந்த படத்தில் சிவப்புப் பென்சிலால் கொல்லை முழுவதையும் ஒரே கோட்டில் அடித்தார். அங்கே புல்தரை வேண்டுமாம்.

“சார், அக்காவோட ரூம்?”

“அவவைக் கப்பலில அனுப்புறன். ஊரில ஆக்கள் இருக்கினம்.” குப்பையை எங்கே கொட்டுவது என்று சொல்பவரின் குரல் அது.

முதலில் முருங்கையின் வட்டத்தை அழித்தேன். பிறகு அறையின் சதுரத்தை அழித்தேன். தாளை ஊதித் துகளைத் தட்டிவிட்டேன்.

திட்டத்தைக் கொடுக்க வீட்டுக்குப் போன அன்று தலைமை எழுத்தர் குளித்துக்கொண்டிருந்தார். அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து தாளின் மேல் குனிந்தார். எழுத்தெல்லாம் ஆங்கிலம், அவருக்குப் படிக்கத் தெரியாது.

“என்ட முருங்கை எங்க தம்பி?”

புல்தரையின் மேல் விரலை வைத்தேன். “இங்கதான் அக்கா.”

“வடிவாக் கீறியிருக்கிறியள்” என்று சிரித்தார்.

மரம் வெட்டிய அன்று முளை அடிக்க என்னையும் வரச் சொன்னார்கள். முருங்கை மென்மையான மரம். நாலு வெட்டில் சாய்ந்துவிட்டது. அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். அழவுமில்லை, அன்று காட்டிய இடத்தைப் பற்றி என்னிடம் கேட்கவுமில்லை. உள்ளே போய்த் தேநீரோடு திரும்பி வந்தார். “ஆறப் போகுது, குடியுங்கோ தம்பி.” நானும் குடித்தேன்.

அடுத்த வாரம் அவர் கப்பலேறினார். விருந்தன்று மழை தூறியதால் மேலதிகாரி வராந்தாவிலேயே அரை மணி நேரம் நின்று பேசிவிட்டுக் கிளம்பினார்; புல்லை மிதிக்கவே இல்லை. எனக்கு வேலை நிரந்தரமானது. தலைமை எழுத்தர் மேல் அருவருப்பு பட்டுப்பட்டு எனக்கு அலுத்துவிட்டது. அவர் செய்தது அவர் குணம். கேட்ட பெண்ணிடம் விரல் வைத்துக் காட்டியது நான்.

இப்போது ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே குடியிருப்பாளர்கள் சேர்ந்து தோட்டம் போடப்போகிறார்கள். “அங்கிள், நீங்கதானே டிராயிங் வேலை பார்த்தவங்க, ஒரு பிளான் போட்டுக் குடுங்களேன் லா” என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். கை நடுங்குகிறது என்று சொல்லிவிட்டேன். என் கை நடுங்குவதில்லை.